இன்மொழிக்கு மூன்று பொத்தான்கள்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டுக்கு ரேஷன் கார்டு வந்தாயிற்று, செல்போன் டவர் வந்தாயிற்று, டவர் மேல் கூடு கட்டின பருந்துக்கு நோட்டீஸும் வந்தாயிற்று. பள்ளிக்கூடம் மட்டும் வரக்கூடாதா என்ன?

அந்தக் காட்டின் மேற்கு மூலையில் மரிக்கொழுந்து என்றொரு தேவாங்கு இருந்தாள். புருஷன் பக்கத்துக் காட்டில் நைட் வாட்ச்மேன். அவர்களுக்கு ஒரே மகள். பிறந்த அன்றைக்கே ஆசை ஆசையாக இன்மொழி என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பேசுமா பேசாதா என்று கேட்டுவிட்டா பேர் வைக்கிறார்கள்? இன்மொழி இரண்டு வயதில் பேசவில்லை. நாலு வயதில் பேசவில்லை. ஆறு வயதிலும் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், வாயிலிருந்து மட்டும் வார்த்தை வராது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாக்கில் வசம்பு தேய் என்றாள் ஒருத்தி. அவள் அப்பனே லேட்டாகத்தான் பேசினான், பொறு என்றான் இன்னொருத்தன். மரிக்கொழுந்து வசம்பும் தேய்த்தாள், பொறுத்தும் பார்த்தாள். பிள்ளைக்கு நாக்கு எரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் கேம்ப் வந்தது. பேசாத பிள்ளைகளுக்குப் பேசும் பலகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மரிக்கொழுந்து விடிவதற்கு முன்பே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். மூன்றாவது ஜன்னலில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"பிள்ளை பேசாதுன்னு பிள்ளையே நேர்ல வந்து சொல்லணும்மா" என்றது குரங்கு.

"பேசாத பிள்ளை எப்படி சார் சொல்லும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. படிவத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

இன்மொழி அந்தப் படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை இழுத்துப் பாதியைத் தின்றுவிட்டாள். அந்தப் பாதி போனதால் அதில் போட்டிருந்ததும் இல்லாமல் போயிற்று. குரங்கு தலையைச் சொறிந்துவிட்டு மீதிப் பாதியில் முத்திரையைக் குத்திக் கொடுத்தது.

பலகை என்றால் கையகலத்துக்குத்தான் இருந்தது. உள்ளே இருநூறு படங்கள். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பலகை சத்தமாகச் சொல்லும். எப்படிப் பழக்குவது என்று கேம்பிலிருந்த மீன்கொத்தி அம்மா சொல்லிக் கொடுத்தாள். "நீங்க வாயால பேசும்போது நீங்களும் இதுல தட்டிப் பேசுங்க. அவ பார்த்துத்தான் கத்துக்குவா. கேள்வி கேட்டா உடனே பதிலுக்குப் பறக்காதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவ யோசிக்கட்டும்."

மரிக்கொழுந்து தலையைத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் தெரியுமா? பலகைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டாள். சந்தனம், குங்குமம் வைத்தாள். கை கழுவாமல் தொடக்கூடாது என்று ஒரு வாரம் யாரையும் அண்ட விடவில்லை. எட்டாம் நாள் மீன்கொத்தி அம்மா வந்து பார்த்துவிட்டுத் திட்டின திட்டில்தான் உறை கழன்றது.

அதன் பிறகு உண்மையாகவே பழகினார்கள். "அம்மா" என்று தட்டுவாள் மரிக்கொழுந்து. "குளி" என்று தட்டுவாள். "மழை" என்று தட்டிவிட்டு வானத்தைக் காட்டுவாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள், தொடவில்லை. இருபத்திமூன்றாம் நாள் மரிக்கொழுந்து வழக்கம்போல ஒரு தொன்னை நிறையக் கட்டெறும்பு வறுவல் வைத்து, "இன்னும் வேணுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். எட்டு எண்ணும்போது இன்மொழியின் விரல் மெல்ல நீண்டது.

"எறும்பு. வேண்டாம்" என்றது பலகை. கொஞ்சம் பொறுத்து, "எப்பவும் வேண்டாம்."

ஆறு வருஷமாக மகளுக்கு எறும்பு என்றால் உயிர் என்று நினைத்து, மரம் மரமாக ஏறி எறும்பு பிடித்தவள் மரிக்கொழுந்து. தொன்னையைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். துக்கமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது, "உன் பொண்ணு என்கிட்ட சண்டை போட்டாய்யா" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினாள்.

இதெல்லாம் வீட்டில் நடந்தது. பள்ளிக்கூடத்துக் கதை வேறு.

பலகை பள்ளி வழியாகத்தான் வழங்கப்பட வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. சரி, பள்ளியிலும் பேசட்டும் என்று மரிக்கொழுந்து சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏற்கெனவே கொடுத்த பலகையை மறுபடி வழங்க ஒரு விழா வைத்தார்கள். தலைமை ஆசிரியர் முள்ளம்பன்றி சார் ரிப்பன் வெட்டினார். பலகைக்கு மாலை போட்டார்கள். இன்மொழி அதைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்ததும் பலகையை வாங்கி முள்ளம்பன்றி சார் அறையிலிருந்த பச்சை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

அந்த பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியின் பூகோள உருண்டை அதற்குள்தான் இருந்தது, உறை பிரிக்காமல். ஆர்மோனியம், முதலுதவிப் பெட்டி, கால்படாத கால்பந்து எல்லாம் அதற்குள்தான். அதற்குள் போன எந்தப் பொருளும் கெட்டுப்போனதில்லை, யாருக்கும் உதவினதும் இல்லை. அதிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் மாணவர் தானே நேரில் வந்து, "ஐயா, உள்ளே வரலாமா" என்று தொடங்கி, காரணத்தை வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான்.

வகுப்பில் கிளி டீச்சர். நல்லவள்தான். "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க" என்பாள், வகுப்பே திருப்பிச் சொல்லும். இருபது வருஷமாக அதுதான் பாடம். திருப்பிச் சொல்லாத பிள்ளைகளைக் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார வைப்பது அவள் வழக்கம். இன்மொழி அங்கேதான் உட்கார்ந்தாள். தேவாங்குக் கண்ணுக்குப் பகல் வெளிச்சமே ஆகாது. பத்து மணிக்கு மேல் அந்த ஜன்னலில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அழுவாள், மேசைக்கு அடியில் புகுந்துகொள்வாள். "அடம்" என்று டீச்சர் எழுதிக்கொள்வாள்.

சாயங்காலம் மகளின் கண்கள் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்து மரிக்கொழுந்து நேராகப் பள்ளிக்குப் போனாள்.

"டீச்சர், பிள்ளைக்கு வெயில் ஆகலை. இடத்தை மாத்தி உக்கார வையுங்களேன்."

"வெயில்னு நீங்க சொல்றீங்க. அவ சொல்லலையே. ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் மாத்திடறேன்."

"அதைச் சொல்லத்தான டீச்சர் பலகை?"

"பலகை பீரோல பத்திரமா இருக்கு. கவலைப்படாதீங்க."

"அதை எடுத்து அவ கையில கொடுங்க."

"அவ வந்து கேட்டா சார் கொடுக்கப் போறார். யார் வேண்டாங்கிறா?"

மரிக்கொழுந்து முள்ளம்பன்றி சாரிடம் போனாள். அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, புதன்கிழமை ஆய்வு அதிகாரி கரடி ஐயா வர்றார். அவர் முன்னாடி உங்க பொண்ணு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினா, ஆத்துக்கு அக்கரைல இருக்கே, அந்தப் பள்ளிக்கு மாத்திடச் சொல்லி எழுதிக் கொடுத்துடுவேன். பேப்பர் ரெடியா இருக்கு. எனக்கு வேற வழியில்ல."

அக்கரைப் பள்ளி என்றால் தங்கிப் படிக்கும் பள்ளி. மாதத்துக்கு ஒரு தரம்தான் பார்க்க விடுவார்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாத பிள்ளையை மாதத்துக்கு ஒரு தரம் பார்த்து ஒரு தாய் என்னத்தைக் கண்டுபிடிப்பாள்? மரிக்கொழுந்துக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரிக்குக் காட்ட வேண்டுமே, பலகை பீரோவை விட்டு வெளியே வந்திருந்தது. மகள் மேசையில் அதைப் பார்த்ததும் மரிக்கொழுந்துக்கு உயிர் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். இருநூறு படங்களையும் காணோம். மூன்றே மூன்று பொத்தான்கள் இருந்தன. "வணக்கம் ஐயா." "நன்றி ஐயா." "பள்ளி மிகவும் நன்றாக இருக்கிறது."

"பிள்ளை குழம்பிடக் கூடாதுன்னு நான்தான் ராத்திரி உக்காந்து மத்ததையெல்லாம் எடுத்தேன்" என்றாள் கிளி டீச்சர். தூங்காத கண்கள். மெனக்கெட்டிருந்தாள், பாவம்.

"என் பிள்ளை வார்த்தையெல்லாம் எங்க டீச்சர்?" என்று மரிக்கொழுந்து வாயைத் திறப்பதற்குள் முள்ளம்பன்றி சார் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பையிலிருந்து மடித்த பேப்பரின் முனை தெரிந்தது. அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கரடி ஐயா பத்து மணிக்கு வந்தார். பெரிய உடம்பு, பெரிய கண்ணாடி, நல்ல மனசு. வகுப்பு எழுந்து நின்று, டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, உட்கார்ந்தது. அவர் ஜன்னலோரம் வந்து இன்மொழியைப் பார்த்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

இன்மொழி பலகையைப் பார்த்தாள். அதில் அவள் பேர் இல்லை. "வணக்கம் ஐயா" என்றது பலகை.

"அடடே. வீட்ல என்ன சாப்பிட்டே?"

"நன்றி ஐயா."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து வெயில் ஜன்னலுக்குள் இறங்கியது. மகளின் கண்களில் நீர் கோப்பதும், வாய் கோணுவதும் மரிக்கொழுந்துக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் அழப்போகிறாள். முள்ளம்பன்றி சாரின் கை பைக்குப் போயிற்று. எழுந்து ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டை விட்டே போய்விடலாமா என்று இருந்தது அவளுக்கு. எழவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் பத்து எண்ணினாள்.

ஏழு எண்ணும்போது இன்மொழி இருக்கையை விட்டு இறங்கினாள். கரடி ஐயாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"என் மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று உருகிப்போன கரடி ஐயா, அவள் காட்டின இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பட்ட வெயில் நேராகக் கண்ணுக்குள் போயிற்று. அவர் முகத்தைத் திருப்பினார். இன்மொழி பலகையை அவர் காதருகே பிடித்துத் தட்டினாள்.

"பள்ளி மிகவும் நன்றாக இருக்கிறது."

"ஆமாம்மா, ஆமாம்" என்று கரடி ஐயா எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஐயா, அப்படியே இருங்க. ஒரு போட்டோ" என்றார் முள்ளம்பன்றி சார்.

"பள்ளி மிகவும் நன்றாக இருக்கிறது" என்றது பலகை மறுபடியும். கரடி ஐயாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இன்மொழி அவர் முகத்தையே பார்த்தாள். "நன்றி ஐயா" என்று தட்டினாள். மறுபடி, "பள்ளி மிகவும் நன்றாக இருக்கிறது."

ஐயா நெகிழ்ந்து அழுகிறார் என்று நினைத்து ஆசிரியர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மரிக்கொழுந்து மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு. மகள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பதும் தெரிந்தது.

இத்தனை பெரிய அதிகாரி, வெயில் தாங்கவில்லை என்று ஒப்புக்கொள்ள முடியுமா? ஒருவழியாக எழுந்த கரடி ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனசு நிறைந்துவிட்டது என்று சொல்லி உத்தரவு போட்டார். "இந்த இடத்துல இனிமே எந்தப் பிள்ளையும் உக்காரக் கூடாது. இது என் ஞாபகார்த்தம். இந்தக் கருவி என்னத்துக்கு பீரோல கிடக்கணும்? நாள் பூரா பிள்ளை கையிலேயே இருக்கட்டும், வீட்டுக்கும் கொண்டு போகட்டும். நான் எப்ப வந்தாலும் இந்த நல்ல வார்த்தை என் காதுல விழணும்."

முள்ளம்பன்றி சார் பேப்பரைப் பையின் அடியில் தள்ளினார். இன்மொழிக்கு உள்பக்கச் சுவரோரம் நிழலான இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலமே மீன்கொத்தி அம்மா வந்து, எடுத்த இருநூறு வார்த்தைகளையும் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். கூடவே இன்மொழி கைகாட்டிக் கேட்ட இன்னும் முப்பது வார்த்தைகள். அதில் "ஏன்" என்பதும் ஒன்று.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் கிளி டீச்சர் மரிக்கொழுந்தை நிறுத்தினாள். சிறகெல்லாம் கலைந்திருந்தது.

"உங்க பொண்ணு ஓயாம பேசறாம்மா. நான் பாடம் சொன்னா 'நேத்தே சொன்னீங்க'ன்னு தட்டறா. திருப்பிச் சொல்லுங்கன்னா 'ஏன்'னு தட்டறா. பக்கத்துல இருக்கிற அணில்பிள்ளையும் இப்ப ஏன்னு கேக்குது. வகுப்பே நடத்த முடியலை. கொஞ்சம் கண்டிச்சு வையுங்க."

மரிக்கொழுந்து ஒரு அடி கிட்டே வந்தாள்.

"டீச்சர், முதல்ல ஒண்ணு சொன்னீங்களே. அதை இன்னொரு தரம் சொல்லுங்க."

"உங்க பொண்ணு ஓயாம பேசறா."

"இன்னொரு தரம்."

திருப்பிச் சொல்வதில் கிளி டீச்சருக்கு என்ன கஷ்டம்? சொன்னாள். மரிக்கொழுந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, இன்னொரு தரம் கேட்டாள்.

நீதி: உண்மை பேச அனுமதி வேண்டுமா? முதலில் மூன்று பொய்களைத் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள்.