டாக்டருக்கு மட்டும் காட்டாத மச்சம்

உடம்பில் எங்கோ ஒரு கறுப்புப் புள்ளியை வைத்துக்கொண்டு, அதை ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் காட்டி அபிப்பிராயம் கேட்டுவிட்டு, தோல் டாக்டருக்கு மட்டும் காட்டாமல் காலம் தள்ளும் ஓர் இனம் இருக்கிறது. அம்பத்தூரில் உண்டு, பூந்தமல்லியில் உண்டு, ஆவடியில் கொஞ்சம் அதிகம். அடையாளம் காண்பது எளிது. நாலு பேர் உட்கார்ந்து வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவர் திடீரென்று சட்டைக் காலரை விலக்குவார், அல்லது வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்குவார், அல்லது செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிக் காட்டுவார். "இது என்னன்னு பாருங்களேன்" என்பார். பார்த்தவர் "சூடு" என்று சொன்னால் அவருக்குக் காபி வாங்கிக் கொடுப்பார். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னால் அந்த மனிதரோடு மூன்று மாதம் பேச மாட்டார்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? என் வலது உள்ளங்காலைக் கேளுங்கள்.

புள்ளி முதலில் கடுகளவு இருந்தது. அதை நான் முதலில் காட்டியது மண்ணூர்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன் துலுக்கானத்திடம். இரும்பைப் பார்த்தே வியாதி சொல்கிறவன், தோலைப் பார்த்துச் சொல்ல மாட்டானா?

"இன்னா மாமே, ஆயில் ஒட்டிகினு கீது. இரு, தின்னர் போட்டுத் தொடச்சா பூடும்" என்றான். துடைத்தான். காலில் இருந்த மற்ற எல்லாம் போயிற்று. புள்ளி போகவில்லை.

"அப்ப மச்சம்தான். வுடு, போவ சொல்ல அதுவே போவும்."

இரண்டாவது நிபுணர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சம்பந்தம். ஓய்வு பெற்றவர், மச்ச பலன்களில் கரை கண்டவர். என் பாதத்தைத் தன் மடியிலேயே தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "வலது உள்ளங்கால் சார்! கடல் தாண்டுற யோகம். சும்மா இல்ல" என்றார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மறுவாரமே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனேன். அந்த வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க எனக்கு நேரம் இருந்தது. தோல் டாக்டரிடம் போகத்தான் நேரமே கிடைப்பதில்லை.

கடுகு மிளகாயிற்று. மிளகு, பாதிப் புளியங்கொட்டை ஆயிற்று. நான் வீட்டில் காலை மடித்தே உட்காரப் பழகினேன். ஆனால் ஒரு நாள் சோபாவில் அசந்துவிட்டபோது என் மனைவி எழிலரசி பார்த்துவிட்டாள்.

"யோகம் வளருமாங்க? ஓரமெல்லாம் கோணல் கோணலா இருக்கு. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கறுப்பு. புத்துநோயா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

எங்கள் இனத்துக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் சொற்பொழிவு தெரியும். தோலில் புற்றுநோய் என்பது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, கடற்கரையில் மல்லாந்து படுத்து வாங்கிக்கொள்வது, நம் கறுப்புத் தோல் அதற்கெல்லாம் அசையாது, தவிர உள்ளங்காலில் எங்கே வெயில் அடிக்கிறது என்று பத்து நிமிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவள், "இதையே டாக்டர் சொல்லட்டும், நான் நம்புறேன்" என்றாள்.

டாக்டரிடம் போவதில் எங்களுக்கு ஒரு தடை உண்டு. பணம் அல்ல, பயமும் அல்ல. பெயர்ப் பலகை. பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியே ஒரு கிளினிக் இருக்கிறது. பலகையில் 'தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்' என்று எழுதியிருக்கிறது. முதல் சொல் யார் கண்ணில் படுகிறது? அதன் கீழே ஒரு குடும்பஸ்தன் டோக்கனோடு உட்கார்ந்திருப்பதைக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் பார்த்தால், வெண்டைக்காயை நிறுத்துப் போடுவதற்குள் குடியிருப்பு முழுவதும் தெரிந்துவிடாதா? ஆகவே துலுக்கானத்தைத் தவிர எவரும் என்னை அறியாத மண்ணூர்பேட்டைக்கு, ஒன்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். பலகை என்னவோ அங்கேயும் அதேதான். காத்திருக்கும் அறையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.

எதிரே, மே மாத வெயிலில், காதைச் சுற்றி மப்ளரும் முகத்தில் மாஸ்க்குமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார். நான் அவர் மப்ளரைப் பார்த்தேன்.

"சார்... நீங்களா?" என்றது மப்ளர். சம்பந்தம்!

"ஒரு ஃப்ரெண்டுக்காக வந்தேன்" என்றேன்.

"நானும் ஒரு ஃப்ரெண்டுக்காகத்தான். உங்க ஃப்ரெண்டு உள்ள இருக்காரா?"

"இன்னும் வரலை."

அந்தச் சமயம் பார்த்து நர்ஸ் வெளியே வந்து, "சம்பந்தம், வயசு அறுபத்து நாலு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். எழுந்தவர் என் காதருகே குனிந்து, "முடி கொட்டுது சார், வேற ஒண்ணுமில்ல" என்றார். மப்ளர் நழுவியது. அவர் தலையில் கொட்டுவதற்கு என்று எதுவும் மிச்சம் இல்லை.

அவர் போன வேலை முடிந்தும் கிளம்பவில்லை. என் முறை வந்தபோது, டாக்டரின் அறைக்கு வெகு அருகே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒரு துணித் திரைதான். உள்ளே டாக்டர் மைதிலி, "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்றார். திரைக்கு வெளியே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பொடுகு டாக்டர்" என்றேன்.

தலையைப் பார்த்தார். ஷாம்பு எழுதினார். "வேற ஏதாவது இருக்கா?" என்றும் கேட்டார். நல்ல டாக்டர், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒன்பது கிலோமீட்டர் வந்தது அந்தக் கேள்விக்காகத்தான். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கடல் தாண்டும் பாதத்தை எடுத்து வைத்து வெளியே வந்தேன்.

வீட்டில் எழிலரசி ஷாம்புவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை உள்ளங்கால்ல தேய்க்கச் சொன்னாங்களா?"

மறுநாள் அவளே வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் என் பாதத்தின் மேல் விளக்கு வைத்த ஒரு லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"இப்பதான் டாக்டர்."

"ரெண்டு தீபாவளி ஆச்சு" என்றாள் எழிலரசி.

"நேத்து வந்தீங்களே, ஏன் சொல்லல?"

"நேத்து... தலை கொஞ்சம் அவசரமா இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. என் வெயில் சித்தாந்தத்தையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "இதுக்கு வெயிலே வேணாங்க. நம்ம ஆளுங்களுக்கு வந்தா அதிகமா உள்ளங்கால், நகத்துக்கு அடியிலதான் வருது. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிடலாம்" என்றார்.

எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள். காட்டிக் காட்டியே பிழைத்தவனுக்கு, கட்டுப் போட்ட காலை ஒருவரிடமும் காட்டத் தோன்றவில்லை. துலுக்கானம் பார்க்க வந்து, "இன்னா மாமே, ஒரு மச்சத்துக்கு இம்மாம் பெரிய கட்டா?" என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் தின்னர் போட்டுத் தொலச்சேனா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். எழிலரசி தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் தனியாக நடந்துவிட்டு வருவாள். கண் சிவந்திருக்கும். கேட்டால், "பூச்சி விழுந்திடுச்சு" என்பாள். பத்து நாளும் பூச்சி விழுந்தது.

பதினோராம் நாள் டாக்டர் காகிதத்தைப் படித்தார். "புற்றுநோய்தான். ஆனா மேல்தோலோட நின்னிருக்கு, இன்னும் கீழ இறங்கல. சுத்தி இன்னும் கொஞ்சம் அகலமா எடுத்துட்டா போதும். இன்னொரு தீபாவளி பார்த்திருந்தீங்கன்னா நான் இப்படிப் பேசிட்டிருக்க மாட்டேன்." எழிலரசி அந்த அறையிலேயே, டாக்டர் எதிரிலேயே, என் முதுகில் ஓர் அறை வைத்தாள். வாழ்க்கையில் நான் வாங்கியவற்றிலேயே சுகமான அறை அது.

அகலமாக எடுத்தாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. முதல் தடவை நல்ல பிள்ளையாகப் போனேன். இரண்டாம் தடவைக்கு நாள் குறித்தது போன செவ்வாய்க்கிழமை. கேஸ் சிலிண்டர் வரும் நாள், வண்டிக்குச் சர்வீஸ், லேசான தூறல். சாயங்காலம் எழிலரசி, "என்ன சொன்னாங்க?" என்றாள். "ஒண்ணுமில்லையாம்" என்றேன். இதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன். அச்சில் வந்ததும் அவள் படிப்பாள். அதற்குமுன் போய்விட வேண்டும்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நடுவிலேயே உங்களுக்கு ஒரு புள்ளி ஞாபகம் வந்துவிட்டது. முதுகில் இருப்பதா, கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கோடு போல ஓடுவதா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டிவிடலாம் என்று முடிவும் செய்துவிட்டீர்கள். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோல் டாக்டர் இருக்க மாட்டார் என்பது நம் இரண்டு பேருக்குமே நன்றாகத் தெரியும்.