இருவருக்கும் சேர்த்து ஒரே எடை

முழங்கால் வலிக்கிற வலது காலைத் தூக்கி எடைமேடையில் வைத்தார் வெளிச்சுவர் பெயிண்டர். பக்கத்தில் அவருடைய மைத்துனனும் ஏறினான். கம்பிக்கயிற்றில் தொங்கும் தொட்டிலில் இருவர் நின்று பெயிண்ட் அடிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. தனித்தனியாக நிறுக்க மேஸ்திரிக்குச் சோம்பல். எப்போதும் ஜோடியாகத்தான்.

"நூத்தி அம்பத்தி நாலு," என்றார் மேஸ்திரி. யாரால் என்று கேட்கவில்லை. பெயிண்டரின் வயிற்றைப் பார்த்தார். மைத்துனன் உயரமான ஈர்க்குச்சி, அறுபத்தாறு கிலோ. "மூணு மாசம் பொறுப்பேன். அதுவரைக்கும் பெயிண்ட்டை நாலு கிலோ குறைச்சு ஏத்து. அப்புறமும் இறங்கலைன்னா, கீழே மூட்டை தூக்கு."

அந்த முழங்காலோடு மூட்டை தூக்கினால் பத்தாம் நாள் படுக்கைதான்.

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் மனைவி வழி சொன்னாள். "ஏங்க, டாக்டரம்மா பேசிட்டிருந்தாங்க. பிளாஸ்டிக் டப்பாவுல சுடச்சுட அடைச்சா, அதுல இருக்கிற கெமிக்கல் உள்ளே போய் கொழுப்பைச் சேர்த்தாலும் சேர்க்குமாம். ஒட்டாத சட்டி, வாசனைச் சோப்பு மேலயும் சந்தேகமாம். இன்னும் ஆராய்ச்சி பண்றாங்களாம்."

"அப்போ நாள் பூரா நான் மோந்துக்கிட்டிருக்கிற பெயிண்ட்டு?"

"அது சம்பளம். சும்மா இருங்க."

டப்பாக்களைக் கட்டிக் குப்பையில் போடச் சொல்லி மைத்துனனிடம் கொடுத்தார். எவர்சில்வர் தூக்கில் சாப்பாடு வந்தது. பாதியோடு கையைக் கழுவினார். மீதியை என்ன செய்வது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மைத்துனன் பொறுப்பானவன், தூக்கைப் பளபளவென்று கழுவியே தருவான்.

முதல் மாதம்: நூற்று ஐம்பத்து நாலு.

ஒட்டாத சட்டியும் மைத்துனன் கையில் போயிற்று. இரும்புச் சட்டியில் எல்லாம் ஒட்டியது. ஒட்டியது போகக் கிடைத்ததில் பாதியைத் தின்றார்.

இரண்டாம் மாதம்: நூற்று ஐம்பத்தைந்து.

வாசனைச் சோப்பும் போயிற்று. மனைவி படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். பெயிண்டர் இடுப்புவாரில் ஆணியால் மூன்றாவது ஓட்டை போட்டார்.

"ஆள் கரையுறீங்க, எடை ஏறுது. உள்ளே போனது கல்லாயிடுச்சோ?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அழுதாள்.

மூன்றாம் மாதம்: நூற்று ஐம்பத்தாறு.

"இறங்குய்யா. மூட்டைப் பக்கம் போ," என்றார் மேஸ்திரி.

பெயிண்டர் நல்ல காலை முதலில் எடுத்தார். பிறகு வலிக்கிற காலை. மேடையில் மைத்துனன் மட்டும் நின்றான். முள் எண்பதில் நின்றது.

மேஸ்திரி முள்ளைப் பார்த்தார். பிறகு மைத்துனனின் சட்டையைப் பார்த்தார். நடுவில் இரண்டு பொத்தான் இல்லை.

மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"டப்பா, சட்டி, சோப்பு, உங்க மீதிச் சாப்பாடு, எதையுமே குப்பையில போட மனசு வரலை மாமா, உங்களுக்கு நான் பதினாலு கிலோ பாக்கி."