மழைக்கு வாங்கிய பூட்ஸும் மார்கிட் வீட்டு மீன் சூப்பும்

பெர்கன்,
நவம்பரில் ஒரு மழை நாள்
(எந்த நாள் என்று கேட்காதே, இங்கே எல்லாம் ஒரே மாதிரிதான்)

அன்பையும் அதட்டலையும் சரிபாதியாகக் கலந்து வைத்திருக்கும் அக்கா பொர்கில்டுக்கு, தம்பி ஓத்வார் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் பூனையும் சுகம். நீயும் அத்தானும் அத்தானுடைய முழங்காலும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஹாமார் குளிர் காய்ந்த குளிர், தோளை உதறினால் போய்விடும். எங்கள் குளிர் நனைந்த குளிர், உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பூட்ஸ் வாங்கினாயா என்று கேட்டிருந்தாய். வாங்கிவிட்டேன் அக்கா. "அந்த ரப்பர் பூட்ஸோட போய் நின்னா மீன் விக்க வந்தவன்னு நினைச்சு கதவைச் சாத்திடுவா" என்று நீ போனில் சொன்னது அப்படியே மனதில் தைத்துவிட்டது. அதுதான், போனில் சொன்னேனே, எங்கள் தேவாலயப் பாட்டுக் குழுவில் எனக்கு முன்வரிசையில் நின்று பாடும் மார்கிட், ஒத்திகை முடிந்து குடையை விரித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை மலைக்கு நடக்கப் போறேன், வர்றீங்களா? திரும்பி வந்து எங்க வீட்ல மீன் சூப் குடிக்கலாம்" என்றார். நம் ஊரில் ஒரு பெண் ஞாயிறு நடைக்குக் கூப்பிட்டால் அது வெறும் நடை இல்லை என்று உனக்கா சொல்ல வேண்டும், உன் கல்யாணமே அப்படி நடந்து நடந்துதானே முடிவானது. என் மனைவி கெர்ட் போன பிறகு பூனையோடு பேசிப் பேசி எனக்கு மனிதப் பேச்சே மறந்துகொண்டிருக்கிறது. இந்த ஒரு வாய்ப்பையும் கோட்டை விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற பயத்தோடுதான் கடைக்குப் போனேன்.

முதலில் கூர்மூக்கு வைத்த ஒரு ஜோடியை எடுத்தேன். கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஐயா, இது கல்யாணத்துக்கா, மழைக்கா?" என்றாள். "ரெண்டுக்கும்னு வெச்சுக்கோம்மா" என்றேன். கடைக்குள்ளேயே நனைந்த கல்லைச் சாய்த்துப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதன் மேல் நடந்து பார்க்கச் சொன்னாள், ஏறியதை விட வேகமாக இறங்கினேன். அடுத்து உள்ளே கம்பளி மயிர் அடைத்த ஒன்று. கதகதப்புதான், ஆனால் கண்ணாடியில் பார்த்தால் கரடிக்கு என் தலையை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. கடைசியில் வந்தது பார் அது, கரும்பழுப்புத் தோல், கணுக்காலுக்கு மேலே நிற்கிறது, பக்கவாட்டில் ஜிப், தண்ணீர் நுழையாத தையல், அடியில் கல்லைக் கவ்வும் பள்ளம் பள்ளமான ரப்பர். ஆணும் பெண்ணும் போடலாமாம். "ஒரு அளவு பெருசா எடுங்க, தடி சாக்ஸ் போட இடம் வேணும்" என்றாள் அந்தப் பெண். காலுக்குச் சிக்கென்று இருந்தால்தானே பார்க்க அழகு, எனக்குத் தெரியாதா, சரியான அளவிலேயே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு போய் நின்றால் மார்கிட் காலிலும் அதே பூட்ஸ். "புதுசா?" என்று என் காலைப் பார்த்தார். ஆசைப்பட்டு வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சே, பழசு. உங்களுது?" "இதுவா, வீட்ல சும்மா கிடந்தது" என்றார். நல்ல ரசனை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மலை ஏறினோம் அக்கா, ஏறினோமா, பாதி வழியிலேயே என் சுண்டுவிரல் இரண்டும் அழ ஆரம்பிச்சிடுச்சு, குதிகால் தீயா எரியுது, மழை வேற முகத்துல அடிக்குது, இவங்க திரும்பித் திரும்பி "நல்லாருக்கீங்களா" னு கேக்கறாங்க, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு "பிரமாதம்" னு சொல்றேன். இறங்கி வந்து அவர் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினால், எல்லாரும் செய்வதுதானே, அப்போதுதான் உறைத்தது, இத்தனை யோசித்து வாங்கிய பூட்ஸ் நடைக்கூடத்தோடு நின்றுவிட்டது, உள்ளே போவது பெருவிரல் எட்டிப் பார்க்கும் என் மெல்லிய சாக்ஸ்தான். மார்கிட் உள்ளே போனார். தடியான கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சூப்பை ஊற்றினார். நிறைய சிரித்தோம். அவ்வளவு நாளைக்குப் பிறகு எனக்கு எதிரே இன்னொரு தட்டு இருந்தது.

அதிசயத்தைக் கேள். இருட்டுவதற்குள் கிளம்பி அந்த பூட்ஸைத் திரும்ப மாட்டினேனா, வலி போன இடம் தெரியவில்லை. காலுக்கு மெத்தை போட்ட மாதிரி. நல்ல பொருள் என்றால் ஒரு நடையிலேயே காலைப் புரிந்துகொள்கிறது. இந்த வாரம் முழுக்க மீன் சந்தைக்கும் நூலகத்துக்கும் வேலையில்லாமலே நடந்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. நீயும் இதையே வாங்கு, என்னைப் போல நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடு.

ஒரே கவலை, இந்த வார ஒத்திகைக்கு மார்கிட் வரவில்லை. காலில் கொப்புளமாம். பாவம், அவருடையது பழைய பூட்ஸ், இறுகிப்போயிருக்கும். இல்லை, என் சாக்ஸைப் பார்த்து மனம் மாறிவிட்டாரா என்றும் ஒரு பயம். ஆனாலும் வரும் ஞாயிறு நானே போய்க் கேட்கப் போகிறேன், நல்ல பூட்ஸ் காலில் இருக்கும்போது மனிதனுக்குத் தைரியம் வருகிறது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுக் கணப்பு அணையாமலும் குழாய் உறையாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி
ஓத்வார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. மார்கிட், நொண்டிக்கொண்டு. "ஓத்வார், உங்க காலைக் காட்டுங்க" என்றார். கழற்றிப் பார்த்தால் என் காலில் இருந்தது அவர் பூட்ஸ், ஒரு அளவு பெரியது. என்னுடையது அவர் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. மழையில் சுருங்கிவிட்டதாக நினைத்தாராம், இன்று உள்ளே அளவைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். ஆகவே மேலே பூட்ஸைப் பற்றி நான் எழுதிய பெருமை அத்தனையும் அவருக்குச் சேர வேண்டியது, அடித்துவிட்டுப் படி. "வீட்ல சும்மா கிடந்ததுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். "முந்தின நாள்தான் வாங்கினேன். உங்களோட நடக்கறதுக்கு" என்றார். இப்போது அடுப்படியில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு பூனையை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவர் பூட்ஸை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை அக்கா. கொடுத்தால் கிளம்பிவிடுவாரே. அவரும் இதுவரை கேட்கவில்லை.