மாத்திரை எக்ஸ்பிரஸ் ஓட்டிய ஜங்ஷன் பாய்

பாப்பாரப்பட்டியில் ரயில் நிலையம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டேஷன் என்ன ஸ்டேஷன், ஜங்ஷனே இருக்கிறது. பதினெட்டு பாயிண்ட், இரண்டு பிளாட்பாரம், மைக்கில் அறிவிப்பு எல்லாம் உண்டு. மொத்தமும் ஒரு படுக்கை அறையில், மேசைமேல் ஓடும் பொம்மை ரயிலுக்காக.

அந்த வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். எனக்கு வேலை கால்நடை ஆய்வாளர், அதாவது ஊர் மாடுகளுக்கெல்லாம் ஊசி போடுகிற அம்மா. வீட்டுக்காரர் கீழே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவருக்கென்று ஒரு பேர் இருக்கத்தான் செய்தது, ஆனால் தபால்காரர்கூட "ஜங்ஷன் பாய்!" என்றுதான் கூப்பிடுவார்.

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம் இருக்கிறதே, அதற்குப் பேர் பாயிண்ட். முன்பெல்லாம் பாய் அதை சைக்கிள் பிரேக் ஒயரைக் கட்டி இழுத்துத் திருப்புவார். வண்டி ஓட ஓட அவரும் மேசையைச் சுற்றி ஓடுவார். அப்புறம் வீடியோ பார்த்துப் பார்த்து டிஜிட்டலுக்கு மாறிவிட்டார். ஒவ்வொரு பாயிண்டுக்கும் அடியில் குட்டி மோட்டார், அதற்கு ஒரு நம்பர். போனில் அந்த நம்பரைத் தட்டினால் பாயிண்ட் டக்கென்று திரும்பும்.

நம்பர் மட்டும் போதுமா? பேரும் வைத்தார், எல்லாம் சொந்தக்காரர்கள் பேர். நல்லம்பள்ளியில் ஒரே வீட்டில் இருக்கும் மச்சான்கள் இரண்டு பேரும் உண்டு. பதினெட்டாவது பாயிண்ட் நான்.

"நான் எதுக்கு பாய் இதுல?"

"நீங்க எங்க மேடம் நேரா வூட்டுக்கு வர்றீங்க? வழியில நிக்கிற மாட்டையெல்லாம் பாத்துட்டுத்தானே வர்றீங்க!" என்றவர், என் பாயிண்ட் திரும்புகிற இடத்தில் ஒரு பொம்மை மாட்டையும் நிறுத்தினார்.

"அக்கா பேர்ல எது?"

அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ பேர்ல கிடையாதுங்க. அவள யாரு திருப்ப முடியும்?"

உண்மைதான். பாயின் மனைவி மெகர் அக்காவுக்கு அந்த ரயிலைக் கண்டாலே ஆகாது. மகள் நஸ்ரீன் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கிய அன்றைக்குப் பிரச்சினை முற்றிவிட்டது. இருப்பது இரண்டே அறை. அதில் ஒன்றை ஜங்ஷன் அடைத்துக்கொண்டிருந்தது.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு எங்க படுப்பா? தண்டவாளத்துலயா?" என்று அக்கா கேட்டார்.

பாய் அன்றைக்கே மேசையைக் கழற்றினார். கழற்றியவர் சும்மா இருந்தாரா? சுவரோரமாகப் பலகை அடித்து அதன்மேல் தண்டவாளம் போட்டார். அடுக்களை அலமாரியில் கிளம்புகிற லைன் கூடத்தைத் தாண்டி, சுவரில் அவரே போட்ட ஓட்டை வழியாக நஸ்ரீன் கட்டில் வரைக்கும் போனது. அந்த ஓட்டையைப் பார்த்ததும் அக்காவுக்கு வந்த கோபத்தை நான் மாடியிலிருந்தே கேட்டேன்.

இதற்கிடையில் நஸ்ரீன் உடம்பில் ரத்தம் குறைவு என்று நர்ஸம்மா சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெண்ணோ இரும்புச்சத்து மாத்திரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இல்லையென்றால் ஜன்னல் வழியே வீசிவிடுவாள். அக்கா கெஞ்சினார், திட்டினார், அழுதும் பார்த்தார். கன்றுக்குட்டிக்கு எப்படி மாத்திரை கொடுப்பது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே சொன்னால் நன்றாகவா இருக்கும்?

கடைசியில் அக்கா பாயிடம் திரும்பினார். "ஊரு உலகத்துக்கெல்லாம் ரயில் விடுறீங்களே, உங்க ரயிலால அவ வாயில ஒரு மாத்திரையப் போட வெக்க முடியுமா? முடிஞ்சா இருக்கட்டும். முடியலேன்னா நாளைக்கே எல்லாத்தையும் பொட்டில கட்டிருங்க!"

பாய்க்கு முகமே செத்துவிட்டது. எத்தனையோ வருட ஆசை அந்த ரயில். இருந்தாலும் மறுநாள் காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, மைக்கும் கையுமாக நின்றார். சரக்குப் பெட்டியில் ஒரே ஒரு மாத்திரை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! அடுக்களையிலிருந்து நஸ்ரீன் நகர் செல்லும் மாத்திரை எக்ஸ்பிரஸ் இப்போது புறப்படும்!"

பெரிய மச்சான் திரும்பினால்தான் வண்டி மகள் அறைக்குள் போகும். கட்டிலருகே இருக்கிற சின்ன மச்சான் திரும்பாமல் நேராக இருக்க வேண்டும், திரும்பினால் வண்டி அடுக்களைக்கே போய்விடும். பாய் ஏழாம் நம்பரைத் தட்டினார். பெரிய மச்சான் டக். வண்டி ஜம்மென்று அறைக்குள் நுழைந்தது. நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள். அவள் கைக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி சடாரென்று வளைந்து, மறுபடியும் கூடத்துக்கு வந்து, அடுக்களைக்குள் பாய்ந்து, அடுப்புக்கு மேலே பலகை முடிகிற இடத்தில் தலைகுப்புற விழுந்தது. ரசச் சட்டிக்குள்.

மெகர் அக்கா கரண்டியால் எஞ்சினை வெளியே எடுத்து வைத்தார். மாத்திரை கிடைக்கவில்லை.

"எப்படிங்க மேடம்? ரெண்டையும் தனித்தனியா நின்னு பாத்தேனே, நல்லாத் திரும்புச்சே!" பாய் பாயிண்ட் நம்பர் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டினார்.

நான் அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெரிய மச்சான், ஏழு. சின்ன மச்சான், அதுவும் ஏழு. ஒன்றைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து திரும்பாமல் என்ன செய்யும்?

"என்ன பாய், ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே வூடுதானுங்களே! கடையில அப்படித்தான மேடம்? ஒரு வூட்டுலருந்து மிக்சி வந்தாலும் ஃபேன் வந்தாலும் ஒரே நம்பர் சீட்டத்தான் கட்டி விடுவேன். மாறிடக் கூடாது பாருங்க."

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. நஸ்ரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, மாமா ரெண்டு பேரும் எப்பவும் சேந்துதான திரும்புவாங்க! அத்தாவ இன்னொரு வண்டி விடச் சொல்லும்மா. சத்தியமா முழுங்கிர்றேன்!"

பாய் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா எஞ்சினை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "நம்பர மாத்திட்டு விடுங்க. மெதுவா விடுங்க," என்றார்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட மாத்திரை எக்ஸ்பிரஸ் நிற்கவில்லை. கரண்ட் போனால் பாய் வண்டியைக் கையால் தள்ளியபடி வாயாலேயே அறிவிப்பார். பேத்தி பிறந்ததும் பத்தொன்பதாவது பாயிண்ட் போட்டார்கள். அவளுக்குத் தனி நம்பர்தான், அக்காவே நோட்டைச் சரிபார்த்தாராம்.

எனக்கு ஏரியூருக்கு மாற்றல் வந்துவிட்டது. திருப்பாமல் விட்டால் பாயிண்ட் இறுகிவிடும் என்பதால் பாய் ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு எனக்குக் குரல் செய்தி அனுப்புவார்: "மேடம், உங்களத் திருப்பிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கீங்க."

போன ஞாயிறு செய்தி வந்தபோது நான் ஒரு ஆட்டுப்பட்டியில் நின்றுகொண்டிருந்தேன். பாய் குரல் இல்லை, மெகர் அக்கா குரல்.

"ஏம்மா, அவரு கடையில இருக்காரு. இன்னிக்கு உங்கள நான்தான் திருப்பினேன். கொஞ்சம் இறுகிப் போயிருந்தீங்க, ஒரு சொட்டு எண்ணெ விட்டிருக்கேன். வெயில்ல அலையாதீங்க."

ஆடுகளுக்கு நடுவே நின்று அதை மூன்று தடவை கேட்டேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வழக்கமான முதுகுவலியே இல்லை.