நேபாளப் பையனின் நெற்றி

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூடத் தேவையில்லை; காலை பத்தரை மணி போதும்.

மஹய்யாவையில் எங்கள் மேல் அறையில் பிகாஷ் என்ற நேபாள மாணவன் தங்கியிருந்தான். பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க வந்தவன். வந்த அன்றே அவன் தாய் வீடியோ அழைப்பில் என்னைக் கும்பிட்டார். மொழி புரியவில்லை, பொறுப்பு புரிந்தது. அன்று முதல், பாசி பிடித்த பதினேழு படிகளில் எதில் அவன் மண்டை உடையும் என்று தினமும் கணக்கிட்டேன். (ஒன்பதாவது என்பது என் முடிவு.)

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை பத்தரைக்குத் தடதடவென்று சத்தம். ஓடினேன். ஒன்பதாவது படியில் பிகாஷ். நெற்றி முழுக்கச் சிவப்பு, கட்டி கட்டியாக!

"அங்கிள், இது வந்து..." என்று எங்களிடம் பழகிய தமிழில் தொடங்கினான்.

"பேசாத! ரத்தம் கூடப் போகும்!" துவாயால் முகத்தோடு சேர்த்து அமுக்கினேன். மனைவி ஓட்டோக்கார ஹனீபாவைக் கூப்பிட்டாள்.

"ஸேர், புள்ள நல்லாத்தானே நடக்குறான்?" என்றார் ஹனீபா.

"அது அதிர்ச்சியில நடக்குறது!"

வழியெல்லாம் அவன் நாடியைப் பிடித்து எண்ணினேன். நூற்றிருபத்தாறு. அவன் தாய்க்கு என்ன சொல்வேன்? கண் இருட்டியது. (நான் பிடித்திருந்தது என் கையையே என்று மனைவி பிறகு சொன்னாள்.)

ஆஸ்பத்திரியில் தாதி துவாயை விலக்கி, ஒரு கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"ஐயா, இது பச்சரிசி. தயிரும் குங்குமமும் இருக்கு. உப்புதான் குறைவு."

"இன்னைக்கு எங்க பெரிய பண்டிகை அங்கிள்" என்றான் பிகாஷ். "வீட்டுப் பெரியவங்கதான் இதை வச்சு ஆசீர்வாதம் பண்ணணும். இங்க யாரும் இல்லையே, நானே வச்சேன். உங்ககிட்ட காட்டத்தான் ஓடி வந்தேன்."

தாதி இப்போது என் முகத்தைப் பார்த்தார். அவனுக்காக விரித்த கட்டிலில் என்னைப் படுக்கவைத்தார்கள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு.

அந்த நேரம் பார்த்து அவன் தாய் அழைத்தார். நோயாளி நான்; துணைக்கு அவர் மகன். பிகாஷ் சொல்லச் சொல்ல அவர் முதலில் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார்.

"அம்மா சொல்றாங்க, துடைச்ச கையே திரும்ப வைக்கணுமாம்."

மனைவியின் கைப்பையில் கோயில் குங்குமம் இருந்தது. படுத்தபடியே வைத்ததில் முதல் முறை அவன் மூக்கில் பட்டது, இரண்டாவது புருவத்தில். மூன்றாவதில்தான் நெற்றி அகப்பட்டது.

அவன் பட்டம் வாங்கி ஊர் போய்விட்டான், கதை போகவில்லை. அந்தப் பண்டிகை வந்தால், வீட்டைவிட்டு வந்து படிக்கும் பிள்ளைகள் எங்கள் வீட்டில் வரிசையில் நிற்கிறார்கள். போன வருடம் நான்கு நாடுகள், பதினொரு நெற்றிகள். நான் குங்குமத்தைத் தொட்டதுமே மனைவி குரல் கொடுப்பாள்:

"பயப்படாம வாங்க புள்ளைங்களா. ஓட்டோ வாசல்ல நிக்குது, உங்களுக்கில்ல, இவருக்கு."