மெட்ராஸிலிருந்து ஒரு மனசு டாக்டர்

அன்புள்ள அக்கா ஜெய்தூன் பீவிக்கு,

திண்டுக்கல்லிலிருந்து தங்கை குர்ஷித்தின் சலாம். நானும் அத்தாவும் நலம். நலம் என்று எழுதினால்தான் நீ மேலே படிப்பாய் என்பதால் முதலில் எழுதிவிட்டேன்.

மெட்ராஸில் மச்சான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் பலர் இருப்பதாக எழுதியிருந்தாய். ஒருவரை ரயிலேற்றி இங்கே அனுப்பச் சொல். வயதானவராக இருந்தாலும் பரவாயில்லை. இந்த ஊரில் அப்படி ஒருவரும் இல்லாததால் அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

கன்னிவாடியிலிருந்து பூ கொண்டுவரும் ஒச்சம்மாளுக்கு, மகள் இறந்ததிலிருந்து தூக்கமில்லை. இங்குள்ள டாக்டர், "உடம்புல ஒண்ணுமில்ல, மனசுதான், மெட்ராசுக்குப் போ" என்று சொல்லிவிட்டு இருமல் மருந்து கொடுத்தாராம். அவள் மெட்ராசுக்கு எங்கே போவாள்? நம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத்தான் வாயே வராதே, குனிந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவள் போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்: "அந்தப் பிள்ளைகிட்ட சொன்னா நெஞ்சு லேசாயிருதுத்தா. குறுக்க பேசாது, புத்தி சொல்லாது."

அன்றிலிருந்து கூட்டம்தான். வயசுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டோடு வைத்துவிட்டார்களா, எந்நேரம் வந்தாலும் நான் இருப்பேன். எந்த டாக்டர் அப்படி இருப்பார்? எதிர்வீட்டு அஜீஸுன்னிசா மாமியார் கொடுமையைச் சொல்லிப் போவாள், பின்னாலேயே மாமியார் வந்து மருமகள் கொடுமையைச் சொல்வாள், இரண்டுக்கும் என்னிடம் ஒரே தலையாட்டல்தான். ஒருநாள் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். "இங்கயும் வந்துட்டியாடி?" "நான்தான் மாமி மொதல்ல வந்தேன், நீங்க அங்கிட்டு நில்லுங்க!"

இத்தனை பெண்கள் வருவதைப் பார்த்த அத்தா, என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எண்ணி, தோல்மண்டிக்குப் போகாமல் சலவைச் சட்டையோடு காத்திருந்தார். உண்மை தெரிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். பிறகு ஒரு மத்தியானம் வந்து, "செத்த நேரம் உக்காரவாம்மா?" என்றார். "உங்கம்மா மவுத்தானதுலருந்து வீட்டுக்குள்ள வரவே பயமா இருக்கு" என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். 'உனக்கு எப்படி இருக்கு?' என்று கேட்பார் என ஊசியை நிறுத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" என்றார்.

இறந்துபோனது எனக்கும் அம்மாதானே அக்கா. டாக்டர் வந்தால் முதல் ஆளாக நான்தான் உட்காருவேன். அவருக்குத் தைக்கத் தெரியாமல் இருந்தால் நல்லது, என் முகத்தைப் பார்ப்பார்.

மச்சானுக்கு என் சலாம். குழந்தைக்கு ஒரு முத்தம். உங்கள் எல்லாருக்கும் நல்ல தூக்கத்தை அல்லாஹ் தருவானாக.

உன் தங்கை,
குர்ஷித் பேகம்

பி.கு.: டாக்டரை அனுப்ப வேண்டாம். இன்று காலையிலிருந்து மழை, ஒருத்தரும் வரவில்லை. கதவைத் திறந்து திறந்து பார்க்கிறேன். அவர் வந்துவிட்டால் எல்லாரும் அவரிடமே போய்விடுவார்கள். முடிந்தால் நீ மட்டும் வா.