ஆவாரம்பூவுக்குப் போலீஸ்

தர்மபுரி மாவட்டத்திலேயே ஆவாரையை விதை போட்டு வளர்த்த ஒரே ஆள் நான்தான். ரோட்டோரம் தன்பாட்டுக்கு முளைத்துக் கிடக்கிற செடிக்கு எவனாவது தண்ணீர் ஊற்றுவானா? நான் ஊற்றினேன்.

அறுபதுகளின் கடைசி. நாகப்பட்டினத்துக்காரனான எனக்குக் கடத்தூரில் குமாஸ்தா வேலை. ஊர்க்கோடியில் வாடகை வீடு, கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் மறுநாள் காலை வரை என் குரலையே நான் கேட்கமாட்டேன். யாராவது "சாப்ட்டீங்களா?" என்றால் "ம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்புறம் ஒருத்தரும் நம்மோடு பேசவில்லையே என்று அழாத குறையாக உட்கார்ந்திருப்பேன். (அப்படி ஒரு பிறவி!)

பொழுது போகப் பூசணிக்கொடி போட்டேன். பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது. தேனீ வந்தால்தான் காய்க்கும் என்றார் ஆபீஸ் பியூன். என் வீட்டுக்கோ ஈ காக்கா எட்டிப் பார்த்ததில்லை. சரி, தேனீயையாவது வரவழைப்போம் என்று தேனீ மொய்க்கிற ரோட்டோர ஆவாரையிலிருந்து நெற்றுப் பறித்து வந்தேன். விதை கல் மாதிரி. முதல் தடவை ஒன்றுகூட முளைக்கவில்லை. மறுதடவை மணலில் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்துப் போட்டதில் பதினோரு செடி தேறியது. முதல் வருஷம் வெறும் இலை. அதற்குள் நான் செடிகளோடு பேச ஆரம்பித்திருந்தேன். எப்படியும் மானம் போகப்போகிற கதை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருஷம் மார்கழிக் கடைசியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. தேனீயும் வந்தது, கருவண்டும் வந்தது. நாளெல்லாம் அந்த ரீங்காரம். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. பொங்கலுக்கு வழக்கமாக ஊருக்குப் போகிறவன், அந்த வருஷம் போகவில்லை.

போகியன்று மத்தியானம் ஆபீசிலிருந்து வந்தால், ஏழெட்டுப் பெண்கள் என் செடிகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் போகிக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் வாசலில் செருகிக் காப்புக் கட்டுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆவாரைக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருப்பான் என்று அவர்களுக்குத்தான் எப்படித் தெரியும்?

இரண்டு வருஷமாகப் பேசாத பேச்சையெல்லாம் அன்று பேசினேன். திருட்டு என்றேன். பக்கத்து வீட்டு மாதம்மா கையிலிருந்த கொத்தைப் பிடுங்கினேன். போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றேன். ஆவாரம்பூவுக்குப் போலீஸ்!

அவர்கள் மடியிலிருந்த பூவைக் கீழே கொட்டிவிட்டு நடந்தார்கள். மாதம்மா மட்டும் நின்றாள்.

"தப்புத்தானுங்க சார். இதப் போயி ஆராச்சும் வளப்பாங்கன்னு தெரியாதுங்க. தனியாளு, உங்களுக்குக் காப்புக் கட்ட ஆரு இருக்கான்னு மொதக் கொத்து உங்க வூட்டுக்குத்தான் கட்டுனோம்."

திரும்பிப் பார்த்தேன். என் கதவு நிலையில் ஒரு கொத்து. அதில் ஒரு தேனீ வேறு. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

கீழே கிடந்ததையெல்லாம் வேட்டியில் அள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கடத்தூரில் நான் படியேறிய முதல் வீடுகள் அவை. மாதம்மா வீட்டில் களி போட்டார்கள். வாயில் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வருஷம் கல்யாணமாகி என் மனைவி வந்து பெட்டியை இறக்குவதற்குள் மாதம்மா முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது 'போலீஸ் பூ'. பேரப்பிள்ளைகளுக்கு வேறு பெயரே தெரியாது.

இப்போதும் போகியன்று நான்தான் பறிக்கிறேன். அந்த வருஷம் தெருவில் யார் தனியாகக் குடியிருக்கிறார்களோ, முதல் கொத்து அவர்கள் வாசலுக்கு. அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செருகிவிட்டு வந்துவிடுவேன். என்னை மாதிரி யாராவது கத்தினால் தாங்கமாட்டேன்.